பெரியகுளத்தில் தோற்றதும் பெருமாள்மலையில் பேசியதும்

மே மாதத்தில் கொடைக்கானலிலிருந்து கீழே இறங்குகிறவர்களை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் மலையேற முடியாது என்று ஆன பிறகும் கார் வரிசை குறைந்தபாடில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தன வண்டிகள். சமவெளி மொத்தமும் குளிரைத் தேடி மேலே வந்துகொண்டிருக்க, நாங்கள் ஒரு காய்கறி வேனில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து வெயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பெரியகுளத்தில் ஆட்டம்.

பெரியகுளம் என்றால் மாம்பழம் என்பார்கள். கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு அது வேறு ஊர். சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை அகில இந்தியப் போட்டி அங்கே அறுபது தடவைக்கு மேல் நடந்துவிட்டது. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., கடற்படை, விமானப்படை, கேரள மின்வாரியம் என்று நாட்டில் பெயர் சொல்லும் அணிகள் கோடை விடுமுறையில் இந்த நகராட்சிக்கு வந்து ஆடிவிட்டுப் போகின்றன. மாவட்டத் தலைநகர்கூட இல்லை. அந்தப் பெருமை தேனிக்கு. ஆனால் இந்தியாவுக்கு ஆடியவர்களைப் பத்தடி தூரத்தில் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏசவும் செய்திருக்கிற பார்வையாளர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சென்னையில்கூட இப்படி ஒரு கூட்டம் அமைவது கஷ்டம் என்பது என் எண்ணம். சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வேனில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர்தான் வண்டிக்கும் சொந்தக்காரர். மற்ற நாளில் கேரட்டும் மலைப்பூண்டும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். ஊருக்கே அவர் டிரில் மாஸ்டர். மதுரையில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடும் பையன். தங்கும் விடுதி ஒன்றில் சமையல் பார்க்கிற ஒருவர். பிறகு நான், எதையும் சரியாகப் பார்க்கத் தெரியாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் ஆள்.

டிரில் மாஸ்டர் சைதாப்பேட்டை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் அதை ஆரம்பித்த ஹாரி குரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி, இந்த ஆட்டத்தைத் தொடங்கியது அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். ஆக, நெய்ஸ்மித், பக், அடுத்தது தான் என்று மாஸ்டருக்கு ஒரு வம்சாவளிக் கணக்கு உண்டு. கொடைக்கானல் ஏழுரோட்டில் இருக்கும் சர்வதேசப் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளி. ஆட்டம் பிறந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை பாருங்கள் என்பார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பெருமாள்மலையில் பிரிந்து அடுக்கம் வழியாக இறங்கினோம். குறுகலான சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி மூடிவிடுவார்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் படர்ந்த மிளகு, அப்புறம் காது அடைத்துத் திறக்கும் இரண்டு மூன்று வளைவுகள், அதன் பிறகு சட்டென்று வெக்கை. கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரம். பெரியகுளம் 300 மீட்டருக்குள். மேஜர் லா திட்டமிட்ட காட் ரோடு வருவதற்கு முந்திய காலத்தில் மலைக்கு வாசல் இந்தப் பக்கம்தான். பெரியகுளத்தை அடுத்த தோப்பிலிருந்து வெள்ளகவி வழியாகச் செண்பகனூருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் துரைமார்களைக் கூலிகள் டோலியில் சுமந்து ஏற்றினார்கள். வெள்ளகவியில் இன்றைக்கும் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். கும்பக்கரை அருவியில் குளிக்க வேண்டும் என்று சமையல்காரர் அடம்பிடித்தார். ஆட்டத்துக்கு நேரமாகிவிடும் என்று மாஸ்டர் இறங்கவே விடவில்லை.

வராக நதி ஊரை வடகரை, தென்கரை என்று பிரிக்கிறது. பாலசுப்பிரமணியர் கோயில் ஆற்றங்கரையில் எதிரெதிராக நிற்கும் ஆண் மருதம், பெண் மருதம் இரண்டையும் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கேலரிப் படிகள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன.

ஆடியது ஒரு வங்கி அணியும் ஒரு படைப்பிரிவு அணியும். பெயர் வேண்டாம். தோற்ற அணியின் பயிற்சியாளரைப் பற்றி அன்றிரவு சொல்லப்பட்டவற்றில் பாதி அச்சேறத்தக்கவை அல்ல. கோப்பைக்கு வந்த அணிகளில் முதல் நான்கில் இரண்டும் வரும் என்பதில் மட்டும் கேலரியில் கருத்து வேறுபாடு கிடையாது. அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கே வாரம் தவறாமல் தரவரிசை உண்டு. பத்திரிகையாளர்கள் வாக்களித்து முதல் 25 அணிகளைச் சொல்கிறார்கள். நம்மிடம் அந்த வேலையை டீக்கடை பார்க்கிறது. துல்லியத்தில் ரொம்பக் குறைவு என்று சொல்ல முடியாது.

எங்கள் வேன் வங்கிக் கட்சி. காரணம் எளிது: அதில் தமிழ்ப் பையன்கள் அதிகம். முதல் பாதி 41–39, வங்கி முன்னால். மூன்றாம் கால்பகுதி முடிவில் 58–61, படை முன்னால். நான்காவதில் மாறி மாறி ஏறி இறங்கி, ஆட்டம் முடிய 31 வினாடி இருக்கும்போது படை அணி ஒரு த்ரீ பாயிண்டர் போட்டு 77–76 ஆக்கியது. ஒரு புள்ளி முன்னிலையில் பந்து வங்கியின் கையில். கேலரி எழுந்து நின்றுவிட்டது. பாயிண்ட் கார்டு பையன் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனான். நேரம் கரைந்தது. 9 வினாடி மிச்சம் இருக்கும்போது எதிரில் இருந்தவனை ஏமாற்றிவிட்டு, உள்ளே போகாமல் வெளியிலிருந்தே த்ரீ போட்டான். ரிங்கில் பட்டுத் தெறித்தது. படை அணியின் உயரமான ஆள் போர்டிலிருந்து பந்தை எடுத்து வீச, அவர்களுடைய குட்டையான பையன் ஒரே ஓட்டம். பஸ்ஸர் அடிப்பதற்கும் லே அப் வலைக்குள் விழுவதற்கும் இடையே ஒரு இமைப்பொழுது இருந்தது என்றார்கள் நடுவர்கள். 78–77.

பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்புட்டுதேன்" என்றார். அது ஆட்டத்துக்கு. பேச்சு அப்போதுதான் ஆரம்பித்தது.

நம் ஊர் ரசிகனுக்கு ஒரு வசதி கிடையாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிஷம், யார் எத்தனை ரீபவுண்ட் எடுத்தான், எந்த இடத்திலிருந்து எத்தனை தவறவிட்டான் என்று எல்லாம் எண்ணாகக் கைபேசிக்கு வந்துவிடும். இங்கே இருப்பது ஸ்கோர் ஷீட் ஒன்றுதான். ஒரு மூலமும் மூன்று நகலுமாக, வெவ்வேறு நிறத் தாளில், மேஜையில் உட்கார்ந்து பேனாவால் எழுதுவது. ஒன்றாம், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்பு மை. இரண்டுக்கும் நான்குக்கும் நீலமோ கறுப்போ. கூடை விழுந்தால் எண்ணின் மேல் சாய்கோடு, ப்ரீ த்ரோ விழுந்தால் பொட்டு, த்ரீ பாயிண்டர் என்றால் போட்டவன் எண்ணைச் சுற்றி வட்டம். ஆட்டம் முடிந்ததும் எங்கள் கல்லூரிப் பையன் மேஜைக்கு ஓடிப்போய் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் படம் மட்டும் இல்லாவிட்டால் மறுநாள் பயணம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஷீட்டில் ஏறாதவை இவர்கள் தலையில் ஏறியிருந்தன. சமையல்காரர் எந்த ஆட்டத்திலும் ஒன்றை மட்டும்தான் எண்ணுவார்: எதிரணி நம் ரிங்குக்குக் கீழே, தான் விட்டதைத் தானே திரும்ப எடுத்த ரீபவுண்டுகள். விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே வருவார். அன்றைக்குப் பதினாறு என்றார். யாரும் மறுக்கவில்லை.

இரவு டீக்கடையில் குற்றவாளி பாயிண்ட் கார்டு பையன்தான். "அவென் எதுக்குண்ணே த்ரீ போட்டான்? உள்ள போயிருந்தா பவுலாச்சும் கெடைச்சிருக்கும்ல" என்று ஓட்டுநர் நாலைந்து தடவை கேட்டார். நியாயம்தான். ஒரு புள்ளி முன்னால் இருக்கிறவனுக்கு மூன்று எதற்கு? எதிரணிக்கு அந்தக் கால்பகுதியில் நான்கு பவுல் முடிந்துவிட்டது. ஐந்தாவது வாங்கினால் இரண்டு ப்ரீ த்ரோ. அதற்கு மேல் டீக்கடையில் பேச ஒன்றும் இருக்கவில்லை. மாடியில் ஓர் அறை எடுத்துப் படுத்தோம். மின்விசிறி சூடான காற்றையே சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் மலையேற வத்தலக்குண்டு சாலையைப் பிடித்தோம். அடுக்கம் வழியில் இறங்கலாம், ஏறும்போது வண்டிக்குப் பாவம் என்பது ஓட்டுநர் கட்சி. தேவதானப்பட்டி தாண்டுவதற்குள் பழி பையனை விட்டுப் பயிற்சியாளருக்கு மாறியிருந்தது. 31 வினாடி இருக்கும்போது அவர் ஏன் டைம் அவுட் கேட்கவில்லை? கையில் இரண்டு மிச்சம் இருந்தது.

இங்கே நடந்த வாதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு நிமிஷத்தில் டைம் அவுட் கேட்கும் அணிக்கு சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி ஒரு சலுகை தருகிறது: பந்தைத் தன் பாதியிலிருந்து எடுக்காமல், எதிரணிப் பாதியின் பக்கக் கோட்டிலிருந்தே உள்ளே வீசலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஷாட் போடுவதற்குக் கெடு வைக்கும் ஷாட் கிளாக்கில் 24 வினாடி கிடைக்காது, 14தான். பின்தங்கிய அணிக்கு அது வரம். முன்னால் இருக்கிறவனுக்கு நேரம்தானே சொத்து? முழு 24ஐயும் தின்றால் எதிரிக்கு மிஞ்சுவது 7 வினாடி. 14 என்றால் 17 வினாடியைத் தூக்கிக் கொடுத்ததாக ஆகும். அதனால்தான் கேட்கவில்லை என்று மாஸ்டர் பயிற்சியாளருக்கு வக்காலத்து வாங்கினார்.

பையன் விடவில்லை. "சார், டைம் அவுட் கேட்டுட்டு நம்ம பாதியில இருந்தே எடுக்குறேன்னு சொல்லலாமே. 24 அப்படியே இருக்கும். யாரு ஷாட் போடணும்னு சொல்லிக் குடுத்துருக்கலாம்ல?"

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாந்தோப்புகள் ஓடின. பிறகு, "அவெங்களும்தான் டிபன்ஸ உக்கார்ந்து யோசிப்பாங்கெ" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கச் சந்தேகம் ஒன்று. ரீபவுண்ட் எடுத்ததும் படை அணிப் பயிற்சியாளர் ஏன் டைம் அவுட் கேட்கவில்லை, டி.வி.யில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அப்படித்தானே செய்கிறார்கள்? செய்கிறார்கள். அங்கே பந்து கையில் இருக்கும்போதே ஆட்டக்காரர்கள் டைம் அவுட் கேட்கலாம். நாம் ஆடும் ஃபீபா விதியில் பந்து நின்றால்தான் உண்டு. ஆண்களுக்கு இருபது இருபது நிமிஷமாக இரண்டே பாதி, ஷாட் கிளாக்கும் 30 வினாடி என்று அவர்கள் ஆட்டமே கொஞ்சம் வேறு. படை அணிப் பையன் ஓடியதில் பயிற்சியாளரின் சாமர்த்தியம் எதுவும் இல்லை, விதி அவனை ஓட வைத்தது என்று பையன் சொன்னான். இது எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த நல்ல வாக்கியம். ஓட்டுநருக்கு இது பிடிக்கவில்லை. ஓடினவன் கால் ஓடியது, விதியா ஓடியது என்றார்.

காட்ரோட்டில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தினால் எதிரே தலையாறு, கோடையானதால் நூல் மாதிரி. கிட்டத்தட்ட 300 மீட்டர் விழும் அந்த அருவிக்கு எலிவால் என்று பெயர் வைத்தவர் மே மாதத்தில்தான் வந்திருக்க வேண்டும். கீழே மஞ்சளாறு அணை. குரங்குகளுக்கு நடுவே நின்று சமையல்காரர் தன் பதினாறை எடுத்து வைத்தார். அதில் ஒன்பது, மூன்றாம் கால்பகுதியில் மட்டும். ஏன்? சென்டர் ஆடியவனுக்கு அந்தக் கால்பகுதியின் நடுவிலேயே நான்காவது பவுல். ஐந்தாவது வந்தால் வெளியே போக வேண்டும் என்று பயந்து அவனை உட்கார வைத்துவிட்டார்கள். திரும்ப இறக்கியது ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது. "நெட்டையன உக்கார வச்சு என்னத்தக் காப்பாத்துனாங்கெ? அஞ்சாவது பவுலு வாங்கிட்டு வெளிய போனாலும் அதேதானய்யா?" என்றார். ஆட்டக்காரனை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் முதலிலேயே இழந்துவிடுவது உலகம் முழுக்கப் பயிற்சியாளர்களிடம் இருக்கிற பழக்கம். அது சரிதானா என்று அமெரிக்காவில் புள்ளிவிவரக்காரர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் சமையல்காரர் விரல் கணுவில் முடித்துவிட்டார்.

அதற்குள் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. வண்டி மேலே ஏற ஏற ஆட்டம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பெரியகுளத்தில் கடைசி 9 வினாடி, தேவதானப்பட்டியில் 31 வினாடி, டம் டம் பாறையில் மூன்றாம் கால்பகுதி. கண்ணால் பார்த்த தோல்விக்குப் பின்னால் கண்ணில் படாத தோல்வி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று ரசிகன் நம்புகிறான். ஒரு புள்ளியில் தோற்றால்தான் இந்த யோகம். இருபது புள்ளியில் தோற்றிருந்தால் நாங்கள் காட்ரோட்டிலேயே தூங்கியிருப்போம்.

ஊத்து தாண்டியதும் குளிர் தட்டியது. மாஸ்டர் பையனின் கைபேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் பார்த்தது வங்கியின் பக்கத்தை அல்ல. படை அணியின் பவுல் கட்டங்களை. ஒவ்வொரு பவுலுக்கும் பி என்று போட்டு, அதற்கு ப்ரீ த்ரோ கொடுத்திருந்தால் ஓரத்தில் சின்னதாக 1, 2 என்று எழுதியிருப்பார்கள். அவற்றைக் கூட்டினால் வங்கிக்கு எத்தனை ப்ரீ த்ரோ கிடைத்தது என்று வந்துவிடும். 21. வங்கியின் ஓடும் ஸ்கோரில் பொட்டுகளை எண்ணினால் விழுந்தது எத்தனை என்று வரும். 12. ஒன்பது வீண். அதில் ஐந்து, இரண்டாம் கால்பகுதியில், 14 புள்ளி முன்னால் இருக்கும்போது அலட்சியமாக விட்டவை. கையை மறிக்க ஒருவரும் இல்லாமல், 4.6 மீட்டர் தூரத்தில் நின்று, அவகாசமாகப் போடும் பந்து.

"ஒரு பாயிண்டுல தோத்தோம்னு அழுகுறீங்க. ஒம்போது பாயிண்ட அங்கயே போட்டுட்டு வந்துருக்காங்கெ" என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி ப்ரீ த்ரோ போட வைத்தவருடைய கோபம் அது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பெருமாள்மலையில் மலைவாழைப்பழம் வாங்க இறங்கினோம். அங்கே பேச்சு ஆட்டத்தை விட்டே வெளியே போய்விட்டது. பெஞ்சில் இரண்டாவது உயரமான ஆள் ஏன் இல்லை? ஆள் எடுப்பதில்லை, அதனால் இல்லை. ஒரு காலத்தில் கல்லூரியில் நன்றாக ஆடினால் வங்கி வேலை நிச்சயம் என்றிருந்தது. பெங்களூரு விஜயா வங்கி அணியை மாஸ்டர் நினைவுபடுத்தினார். 2019 ஏப்ரல் 1இல் அந்த வங்கியே பரோடா வங்கியோடு இணைந்து பெயர் இல்லாமல் போயிற்று. வங்கிகள் குறையக் குறைய அணிகளும் குறைகின்றன. கல்லூரிப் பையன் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவன் அடுத்த வருஷம் படிப்பை முடிக்கிறான். கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதையே நோண்டிக்கொண்டிருந்தான்.

வண்டி கிளம்பியதும் சொன்னான். "சார், நீங்க ஒரு பக்கந்தான் எண்ணுனீங்க. நம்மாளு பவுல் கட்டத்தயும் கூட்டிப் பாத்தேன். அவெங்களுக்குக் கெடைச்சது 24. போட்டது 14."

மாஸ்டர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். பத்து. ஜெயித்தவர்கள் ஒன்று கூடவே தவறவிட்டிருக்கிறார்கள்.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் கார் வரிசை. வேன் நின்றுவிட்டது. மாஸ்டர் கைபேசியை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். வெயில் பட்டுத் திரை தெரியவில்லை என்று துண்டால் மறைத்துக்கொண்டார். கணக்கு மாறவில்லை.

ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "அப்ப டைம் அவுட்தேன்" என்றார். "இல்லண்ணே, அந்த த்ரீ" என்றான் பையன்.